ஜெபம் முடிந்தும் அடங்காத மனம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 34 வயது. சிறுவயது முதலே ஆலயத்தில் வளர்ந்தவள். ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். நடுவில் கவனம் சிதறினால், அந்த ஜெபம் கேட்கப்படாது என்ற பயத்தில் "ஆண்டவரே, மன்னியும்" என்று சொல்லி முதலிலிருந்து தொடங்குவேன். சில இரவுகளில் இப்படி நான்கைந்து முறை. உள்ளத்தில் ஆறுதல் தோன்றினால் நிம்மதியாகப் படுப்பேன். தோன்றாவிட்டால், பகலில் என்ன பாவம் செய்தேன் என்று தேடியபடியே விழித்துக் கிடப்பேன்.

என் கணவர் அன்பானவர். இருந்தும், என் செய்தியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பதில் அனுப்பாவிட்டால், என்மேல் கோபம் என்றே நினைத்துவிடுகிறேன். என் தகப்பனார் கோபம் வந்தால் அடிக்க மாட்டார், நாள்கணக்கில் பேச மாட்டார். காரணத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். "தேவனிடம் நெருங்கியிருந்தால் பயம் இருக்காது, உனக்கு விசுவாசம் போதாது" என்கிறார் ஜெபக்குழுவில் ஓர் அக்கா. என் விசுவாசம்தான் குறைவா?

— ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

"காரணத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்" என்ற வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்பா பேசாத நாள்களில் தன் குற்றத்தைத் தேடி அலைந்த சிறுமிதான், ஆறுதல் தோன்றாத இரவுகளில் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறாள். இதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அக்கா நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தாலும், ஏற்கெனவே குற்றம் தேடுகிறவளிடம் இன்னொரு குற்றத்தைக் கொடுத்துவிட்டார்.

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, அந்த முதல் உறவில் கற்றதையே நாம் பிற்கால உறவுகளிலும் எதிர்பார்க்கிறோம் என்றார். லீ கிர்க்பாட்ரிக் போன்ற உளவியலாளர்கள் அதே கண்ணோட்டத்தில் கடவுள் நம்பிக்கையையும் ஆராய்ந்தார்கள். சிலர் பெற்றோரிடம் பழகிய விதத்திலேயே கடவுளிடமும் பழகுகிறார்கள். வேறு சிலர் பெற்றோரிடம் கிடைக்காத பாதுகாப்பைக் கடவுளிடம் கண்டடைகிறார்கள். முதல் வழியில் வந்த நீங்கள் இரண்டாவது வழிக்குத் திரும்ப முடியாதவர் அல்லர்.

வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 131ஆம் சங்கீதம் மூன்றே வசனங்கள் கொண்டது. அதில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பால்குடிக் குழந்தை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பால்குடிக் குழந்தை தாயின் மடிக்கு வந்ததும் பாலைத் தேடி முட்டும், கிடைக்காவிட்டால் வீறிட்டு அழும். பால் மறந்த குழந்தையோ எதுவும் கிடைக்காவிட்டாலும், மடி இருக்கிறது என்பதே போதும் என்று சாய்ந்திருக்கும். நீங்கள் ஒவ்வோர் இரவும் ஆறுதல் என்ற பாலை எதிர்பார்த்தே மடிக்கு வருகிறீர்கள்; அது வராத இரவில் மடியே இல்லை என்று எண்ணிவிடுகிறீர்கள்.

பால் மறக்கும் பருவத்தில் அழுகை இருக்காதா என்றால், இருக்கும். 13ஆம் சங்கீதக்காரர் "எதுவரைக்கும்" என்று கர்த்தரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அவற்றை வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. உங்கள் தகப்பனாரிடம் "ஏன் பேசவில்லை?" என்று கேட்க உங்களுக்குத் துணிவு இருந்ததா? தேவனிடம் அதைக் கேட்கலாம், அப்படிக் கேட்பதும் நெருக்கம்தான்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடியும் தூங்கினார். கர்த்தர் அவரிடம் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜெபத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கும் பழக்கத்துக்குப் பின்னால் சிகிச்சையால் குணமாகக்கூடிய பதற்ற நோய் இருக்கவும் கூடும்; ஆகவே மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். போதகரிடமும் சொல்லலாம், ஆனால் மருத்துவருக்குப் பதிலாக அல்ல.

இன்றிரவு ஒருமுறை மட்டும் ஜெபியுங்கள். கவனம் சிதறினால் சிதறிய இடத்திலிருந்தே தொடருங்கள். "ஆமென்" சொன்னபின் மனம் எப்படியிருக்கிறது என்று சோதிக்காமல் விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் சில இரவுகள் பயம் கூடத்தான் செய்யும். கணவரிடமும் உங்கள் தகப்பனாரின் மௌனத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் உங்களுக்கு என்னவாக இருக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள், ஆறுதல் தோன்றாத இரவுகளைப் பற்றியும்.