கேள்வி பதில்: பழைய எபிரேயர் சட்டத்தில் மாடும் மரமும்

கேள்வி: ‘போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக’ என்பது கருணையா, சும்மா பழமொழியா?

சட்டம்தான். பைபிளின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமம் 25:4. களத்தில் சுற்றிச் சுற்றி வரும் மாடு, குனிந்து ஒரு வாய் கதிரை இழுக்கும். இழுக்கட்டும் என்கிறது சட்டம். உழைக்கிற மாட்டுக்கும் விளைச்சலில் பங்கு உண்டு. ஓய்வுநாள் சட்டத்திலும் இதே போக்குதான்: யாத்திராகமம் 23:12-ல் ஓய்வு யாருக்கு என்று சொல்லும்போது மாடும் கழுதையும் முதலில் வருகின்றன, அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் அப்புறம்தான். ஒரே ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பக்கத்து வசனத்தையும் படியுங்கள்.

கேள்வி: அப்படியானால் அவர்கள் சைவமா?

இல்லை. ஆதியாகமம் 1:29-ல் மனிதருக்குத் தாவர உணவு, 9:3-ல் இறைச்சிக்கு அனுமதி, அடுத்த வசனத்திலேயே இரத்தத்துக்குத் தடை.

கேள்வி: முற்றுகையில்கூடப் பழமரங்களை வெட்டக்கூடாது என்கிறது உபாகமம் 20:19. ஆனால் 2 இராஜாக்கள் 3-ல் பக்கத்து நாடான மோவாபின் நல்ல மரங்களையெல்லாம் வெட்டுவீர்கள் என்று தீர்க்கதரிசி எலிசாவே இஸ்ரவேலரிடம் சொல்கிறாரே?

இதைத்தான் எதிர்பார்த்தேன். சொன்னது மட்டுமல்ல, 25-ஆம் வசனத்தில் வெட்டியும் விட்டார்கள். ஊற்றுகளைத் தூர்த்தார்கள், வயல்களில் கல்லைக் கொட்டினார்கள். அன்றைய போர்முறையே அதுதான். அன்றைய பேரரசான அசீரியாவின் அரண்மனைச் சிற்பங்களில் வீரர்கள் பேரீச்ச மரங்களைக் கோடரியால் வெட்டுவதைப் பார்க்கலாம். எலிசா கி.மு. 9-ஆம் நூற்றாண்டுக்காரர். உபாகமச் சட்டத்தொகுப்பைப் பல ஆய்வாளர்கள் 7-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அசீரியர் செய்ததைப் பார்த்து எழுந்த எதிர்க்குரல் அது என்பாரும் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி: மோவாபுக்கு மட்டும் விதிவிலக்கு என்று பழைய உரைகளில் இருக்கிறதே. நூற்றாண்டுக் கணக்கெல்லாம் எதற்கு?

இருக்கிறது. ஆனால் உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில் மோவாபின் பெயரே இல்லை. முரண்பாட்டைக் கண்டவர்கள் பிற்பாடு வைத்த விளக்கம் அது. முரண்பாடு அப்படியே இருக்கட்டுமே, என்ன குடி முழுகிவிடும்?

கேள்வி: முதல் மனிதர் வாழ்ந்த ஏதேன் தோட்டத்தில் எல்லோரும் சைவம்தானே?

மேலே சொல்லியாகிவிட்டது. சைவக் கேள்வி இத்தோடு போதும்.

கேள்வி: முற்றுகைக்கு மரமே வெட்டாமல் எப்படி?

அதே உபாகமம் 20-ல் 20-ஆம் வசனத்தைப் பாருங்கள். கனி தராத மரத்தை வெட்டிக் கொத்தளம் போடலாம். காட்டுக்குப் பரிந்து எழுதிய சட்டம் அல்ல இது. நாளைக்குச் சாப்பாடு தரும் மரத்தை இன்றைய கோபத்தில் சாய்க்காதே என்கிறது, அவ்வளவே.