செட்டிநாட்டு வீடு: கேட்டவையும் சொன்னவையும்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) சுவர் இடுப்பளவுக்கு உதிர்கிறது. சிமென்ட் பூசி ஓராண்டுதான் ஆகிறது.

பூசியதால்தான் உதிர்கிறது, ஆச்சி. பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமென்ட் வழியை அடைத்துவிட்டால், ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு மேலே ஏறும். வெள்ளையாகப் பூத்திருப்பதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். அதன் பிறகு சுண்ணாம்பு பூசலாம்.

சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமையாக இருப்பது எப்படி?

முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரிகிறதல்லவா? நடுவில் முற்றம் திறந்திருக்கிறது. சூடேறிய காற்று அதன் வழியே மேலே போய்விட, தெருப்பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு உள்ளே வருகிறது. கனத்த சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை. கூரையில் நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காகப் போட்டதும் அதற்காகத்தான். மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். மழை குறைந்த வறண்ட சீமை இது. வானத்துத் தண்ணீரைத் தெருவில் விட்டு வீணாக்க யாருக்கும் மனம் வராது. இப்போது முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டுவிட்டு, "வீடு புழுங்குகிறது" என்று என்னையே கூப்பிடுகிறார்கள்.

வாஸ்துப்படி முற்றத்தை மூடலாமா?

ஜோசியரைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கூடாது.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கறை. ஆசிட் போடலாமா?

போடவே கூடாது. அதன் மேற்பரப்பு நிறம் சேர்த்த சிமென்ட்; ஆசிட் அதை அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடையுங்கள்.

சுவரில் முட்டை பூசினார்கள் என்பது கட்டுக்கதைதானே?

இல்லை. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததுண்டு.

எங்கள் அப்பத்தா வண்டி வண்டியாக முட்டை வந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் குறைத்துச் சொல்கிறீர்கள்!

முட்டை இல்லாமலும் அந்தப் பளபளப்பு வரும் என்கிறார் எங்கள் கொத்தனார். யாரை நம்புவது?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அப்பத்தா சொன்னதில் பொய் இல்லை. வீடு அவ்வளவு பெரியது. ஆனால் முட்டை சேர்ந்தது மேலே உள்ள மெல்லிய படலத்தில் மட்டும்தான். அதற்கு அடியில், கீழிருந்து மேலே வரவரப் பொடி நைசாகும்படி சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசினார்கள். பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்த்தார்கள். இன்றைக்கு முட்டை தாராளமாகக் கிடைக்கிறது. தேய்க்கத்தான் ஆள் இல்லை. முட்டையைவிட முழங்கை முக்கியம் என்று கொத்தனாரும் ஒப்புக்கொள்வார்.

அப்படியென்றால் முட்டையைச் சிமென்ட்டில் கலந்தால்?

ஆம்லெட் போடுங்கள்.

வெள்ளைச் சிமென்ட் பூசலாமா, ஐயா?

அதுவும் சிமென்ட்தான். முதல் பதிலைப் படியுங்கள்.

சுவருக்குப் புட்டிப் பூச்சு (wall putty)?

முதல் பதில்!

எங்கள் பங்கு வீட்டுத் தேக்குத் தூண்களுக்கு என்ன விலை கிடைக்கும்?

விலை சொல்ல மாட்டேன். அது பர்மாவில் வட்டித்தொழில் செய்த காசில், பர்மாவிலிருந்தே கப்பலேறி வந்த மரம். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அந்த வரவும் நின்றது. அதோடு, கூரைப் பாரம் தூணில்தான் நிற்கிறது. ஒன்றை உருவினால் அடுத்த மழைக்கே ஓடு சரியும். பிறகு அதைச் சரிசெய்யவும் என்னையே கூப்பிடுவீர்கள்.

மற்ற கேள்விகளுக்கு அடுத்த வாரம். ஊறப்போட்ட சுண்ணாம்பைக் கிளற வேண்டும்.