வியன்னா ஹொய்ரிகர்: டிக்கெட் வாங்க வேண்டுமா?

கேள்வி: வியன்னாவில் பேருந்து, உணவு, இசை எல்லாம் சேர்த்து ‘ஹொய்ரிகர் மாலை’ என்று டிக்கெட் விற்கிறார்கள். வாங்கலாமா?

தேவையில்லை. திராட்சை பயிரிடுபவர் தன் வைனைத் தானே ஊற்றி விற்கும் இடம்தான் ஹொய்ரிகர். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் இந்த உரிமையை அளித்தார். பொதுவாக நுழைவுக் கட்டணம் இல்லை. ஷோட்டன்டோர் நிறுத்தத்தில் 38ஆம் எண் டிராம் ஏறினால் கடைசி நிறுத்தம் ஹொய்ரிகர்கள் நிறைந்த கிரின்சிங். சுற்றுலாப் பேருந்துகளும் அங்கேதான் வரும். நெரிசல் பிடிக்காதவர்கள் ஷோட்டன்ரிங்கில் 31ஆம் எண் டிராம் பிடித்து, ஹொய்ரிகர்கள் உள்ள இன்னொரு பகுதியான ஷ்டாமர்ஸ்டார்ஃப் போகலாம்.

வாசலில் பைன் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது. ‘புஷன்ஷாங்க்’ என்ற பலகை இருந்தால் சொந்த வைன்தான். பீர், காபி கிடைக்காது. இவற்றில் பல ஆண்டில் சில வாரங்களே திறக்கும், தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பில் எகிறிவிடும் என்கிறார்களே, எதனால்?

பெரும்பாலும் உணவு கவுண்டரால். வைன் மேசைக்கு வரும், அதற்குத் தனி பில். உணவை நீங்களே கவுண்டரில் வாங்கி அங்கேயே காசு கொடுக்க வேண்டும். பல பண்டங்கள் எடை போட்டு விற்பவை. விலைச் சீட்டில் இருப்பது 10 டெக்காவின், அதாவது 100 கிராமின் விலையாக இருக்கலாம். அதைத் தட்டு விலை என்று நினைத்து விரலால் காட்டினால் தாராளமாக வெட்டித் தருவார்கள். ‘15 டெக்கா’ என்று அளவு சொல்லியே கேளுங்கள்.

வைனில் ‘அக்டல்’ 125 மி.லி., ‘ஃபியர்ட்டல்’ 250 மி.லி. முதலில் ஆளுக்கு ஒரு அக்டல் கெமிஷ்டர் சாட்ஸ் போதும். ஒரே தோட்டத்தில் கலந்து நட்ட குறைந்தது மூன்று வகைத் திராட்சையைச் சேர்த்துச் செய்யும் வியன்னாவின் சொந்தச் சரக்கு அது. வெயில் நாளில் வைனில் பாதி சோடா கலந்த கிஷ்பிரிட்ஸ்டர் ஏற்றது. இசைக் கலைஞர்கள் உங்கள் மேசையருகே நின்று வாசித்தால் காசு எதிர்பார்ப்பார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

லிப்டவர் என்ற, பாப்ரிகா மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக்கட்டிப் பூச்சு, ரொட்டி, ஊறுகாய். ஷ்மால்ட்ஸ் தடவிய ரொட்டி வேண்டாம், அது பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்கு சாலட்டில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றுவது வியன்னா வழக்கம், கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு வைன் பாட்டில் கொண்டுவரலாமா?

இந்தியாவில் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கத் தீர்வை இல்லை. 750 மி.லி. பாட்டில் இரண்டு அடங்கும், மூன்றாவது அளவைத் தாண்டும். மூடியில் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டை இருந்தால் அரசு சோதனை தேறிய தர வைன். இலையுதிர்காலத்தில் விற்கும் ‘ஷ்டுர்ம்’ என்ற பாதி நொதித்த திராட்சைச் சாறு மட்டும் வேண்டாம்: இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் அதை இறுக மூட முடியாது, பெட்டியில் படுக்க வைத்தால் துணி நனையும்.