தேர்தல் டூட்டிக்கு யாரை எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள்? – கேள்வி பதில்

வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி தேர்தல் பிரிவிலேயே கழிந்தது. பட்டியல் தயாரித்திருக்கிறேன், வகுப்பு எடுத்திருக்கிறேன், பல வாக்குச்சாவடிகளை மேற்பார்க்கும் மண்டல அலுவலராக ஜீப்பில் இரவெல்லாம் சுற்றியிருக்கிறேன். தேர்தல் அலுவலர்களைத் தேர்ந்தெடுப்பதில் இளைஞர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்ன இடம் இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பட்டதாரி ஆசிரியை, தர்மபுரி: ஐயா, எனக்குப் போலியோவால் இடது கால் பாதிப்பு. கேலிப்பர் போட்டு நடப்பேன், தினம் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறேன். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தேர்தல் ஆர்டர் வருகிறது, எனக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால் "உங்களுக்கு நல்லதுதானே டீச்சர்" என்கிறார்கள். எனக்குப் போக ஆசை. என் பெயர் எங்கே அடிபடுகிறது?

அம்மா, உங்கள் பெயர் கலெக்டர் அலுவலகம் வரை போவதே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. தேர்தல் வந்ததும் ஒவ்வொரு அலுவலகத் தலைவரிடமும் ஊழியர் விவரம் கேட்பார்கள். பெயர், பதவி, சம்பளம், சொந்தத் தொகுதி, வேலை பார்க்கும் தொகுதி, வாக்காளர் அடையாள எண் எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு டூட்டி, எந்தச் சாவடி என்பதைக் கணினிக் குலுக்கலில்தான் முடிவு செய்வார்கள்; மாற்றுத்திறனாளி என்று குறித்த பெயர் அதற்கு முன்பே ஒதுங்கிவிடும். சில இடங்களில் தலைமை ஆசிரியரே இரக்கப்பட்டுப் பெயரை எழுதாமல் விட்டுவிடுவார்.

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 26-ஆம் பிரிவுப்படி வாக்குச்சாவடி அலுவலர்களை நியமிப்பவர் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர். வேட்பாளருக்காக வேலை பார்த்தவரைப் போடக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கால் சரியில்லாதவரைப் போடக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 20-ஆம் பிரிவோ, வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் அரசு நிறுவனம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தேவையான வசதியைச் செய்து தருவதும் அதே பிரிவில் அரசின் கடமை. விலக்கு என்பது கேட்பவருக்குத் தரும் சலுகை. உங்களுக்கு அது கேட்காமலே தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

உதவியாளர், விழுப்புரம்: நீங்கள் இப்படி ஆசை காட்டிப் பேசுவது ஆபத்து சார். எனக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசாகப் பார்வை. விலக்கு வேண்டும் என்று எங்கள் சங்கம் தேர்தலுக்குத் தேர்தல் மனு கொடுத்துத்தான் வாங்குகிறது. அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

கோபம் நியாயமானது. தேர்தல் டூட்டி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் காலை விநியோக மையத்தில் வரிசை. வாக்கு இயந்திரம், போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபாட், பைகளோடு லாரியிலோ வேனிலோ ஏற வேண்டும். ராத்திரி ஏதோ ஓர் ஊரின் பள்ளி வகுப்பறையில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டியாக வேண்டும். அதற்குமுன் குளித்து முடிக்க வேண்டும். மாலை முடித்து, சீல் வைத்து, பதிவான ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி, வண்டிக்குக் காத்திருந்து, மையத்தில் ஒப்படைத்து வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

ஓட்டுப் போடும் அறைக்குச் சாய்தளம் போட்டிருப்போம். கழிப்பறையோ மைதானத்தின் மறுகோடியில், மூன்று படி ஏறி இருக்கும். சாய்தளம் வாக்காளரை நினைத்துப் போட்டது, ராத்திரி அங்கே தங்கப்போகும் அலுவலரை நினைத்துப் போட்டதில்லை. என் காலத்தில் நானும் அப்படித்தான் ஆய்வுப் படிவம் நிரப்பினேன். அலுவலர் எங்கே படுப்பார் என்று அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது.

அதனால் விலக்கு இருக்கட்டும், ஒருவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். "உங்களுக்கு விருப்பம் உண்டா? என்ன வசதி வேண்டும்?" என்று இரண்டு கேள்வியை ஊழியர் விவரப் படிவத்தில் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் "இல்லை" என்று எழுதலாம், தர்மபுரி டீச்சர் "உண்டு" என்று எழுதலாம்.

சமூக ஆர்வலர், திருச்சி: மாற்றுத்திறனாளிகள் மட்டுமே நடத்தும் வாக்குச்சாவடி என்று பலூன் கட்டிப் படம் போடுகிறார்களே, அது போதாதா?

மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். நல்ல தொடக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000-க்கும் மேல் வாக்குச்சாவடிகள். மாவட்டங்கள் 38. மாவட்டத்துக்கு ஒன்று, சாவடிக்கு நான்கு பேர் என்றால் 152 பேர். மொத்தம் தேவைப்படுவதோ இரண்டே முக்கால் லட்சம் பேரை ஒட்டி. அரசு வேலையில் சட்டப்படி 4 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கணக்கில் பாதி நிரம்பியிருந்தால்கூட இந்த 152 எந்த மூலைக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளை ஒரே சாவடியில் மொத்தமாக உட்கார வைப்பது எனக்கு முழுக்க உடன்பாடில்லை. அதில் ஒரு காட்சிப்பொருள் வாடை இருக்கிறது. சாதாரணச் சாவடியில் மூன்று பேரோடு நான்காவதாக ஒருவர், பலூன் இல்லாமல் இருந்தால்தான் அது வழக்கமாகும். 2024-இல் மாற்றுத்திறனாளி வில்வித்தை வீராங்கனை ஷீத்தல் தேவியைத் தேர்தல் தூதுவராக்கினார்கள், சந்தோஷம். போஸ்டரில் இருப்பவரை மேஜைக்குப் பின்னாலும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

85 வயது தாண்டியவருக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவருக்கும் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே போய் ஓட்டு வாங்குகிறோம். அப்படிப் போகும் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளி அலுவலரை நான் கண்டதில்லை.

இளநிலை உதவியாளர், நாமக்கல்: எனக்குக் காது கேட்காது, பேச்சும் குறைவு. எந்த வேலை எனக்குப் பொருந்தும்?

தம்பி, ஒரு சாவடியில் தலைமை அலுவலருக்குக் கீழே நிலை 1, 2, 3 என்று மூன்று பேர். நிலை 1 அலுவலர் வாக்காளர் பெயரையும் வரிசை எண்ணையும் வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்க வேண்டும். ஆட்சேபம் வந்தால் பதிலும் சொல்ல வேண்டும். அது உங்களுக்குச் சிரமம். நிலை 2-தான் உங்கள் இடம். இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பது, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, சீட்டு எழுதிக் கொடுப்பது. கையெழுத்து நன்றாக இருந்தால் தலைமை அலுவலர் உங்களைக் கொண்டாடுவார்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் மூன்று நிலைக்கும் பொருந்துவார், அறை சமதளமாக இருந்தால் தலைமை அலுவலராகவும் இருக்கலாம். பார்வையற்றவருக்கு இப்போதைய முறையில் கஷ்டம்தான், மழுப்ப விரும்பவில்லை. அலுவலர் மேஜையில் இருக்கும் இயந்திரப் பகுதியான கன்ட்ரோல் யூனிட்டில் ஓட்டு பதிவானதும் பீப் சத்தம் கேட்கும். ஆனால் வரிசை எண் சரிபார்ப்பது, திரையில் மொத்த ஓட்டைப் பார்ப்பது எல்லாமே கண்ணை நம்பியவை. அவர்களைப் பயிற்சி வகுப்புக்கு, கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசிக்கு எடுக்கலாம். பார்வையற்ற வாக்காளரை எப்படி நடத்துவது என்று ஒரு பார்வையற்ற ஆசிரியர் வகுப்பெடுத்தால், துணைக்கு வருபவர் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரே ஆள் ஒருவருக்குமேல் துணை போகக்கூடாது என்ற 49என் விதி யாருக்கும் மறக்காது.

ஐடி ஊழியர், 23 வயது, கோவை: நான் தனியார் கம்பெனி. ஒருநாள் பூத் ஆபீசராக இருக்க வழி உண்டா?

கிடையாது. முன்பு சொன்ன 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 159-ஆம் பிரிவுப்படி அரசு, உள்ளாட்சி, பல்கலைக்கழகம், அரசு நிறுவனம், அரசு நிதி பெறும் அமைப்பு ஆகியவற்றின் ஊழியர்களைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கட்சி சார்பில் முகவராக உட்காரலாம். கட்சி வேண்டாம் என்றால் வாக்குப்பதிவு நாளில் தன்னார்வலராகச் சக்கர நாற்காலி தள்ளலாம். என்.எஸ்.எஸ்., என்.சி.சி. பிள்ளைகள் செய்வது அதைத்தான். இளைஞர் என்றால் தள்ளுவதற்கு மட்டுமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

குரூப் 4-இல் புதிதாகச் சேர்ந்தவர், சிவகங்கை: வயது 24. போன தேர்தலில் மூன்றாம் நிலை. தலைமை அலுவலருக்கு மாதிரி வாக்குப்பதிவை அழிக்கவே தெரியவில்லை, நான்தான் செய்தேன். பொறுப்பு மட்டும் ஏன் வயதானவர்களுக்கு?

சிரித்துவிட்டேன். நல்லவேளை அழித்தீர்கள். மறந்த சாவடிகளில் எண்ணும் நாளில் நடக்கும் கூத்து தனிக்கதை.

பதவியும் சம்பள நிலையும் பார்த்துத்தான் தலைமை அலுவலரைப் போடுகிறார்கள். அவருக்குக் கீழே அவரைவிடப் பெரிய பதவிக்காரர் உட்காரக்கூடாது என்பது கணக்கு. அதில் ஒரு நியாயமும் உண்டு. மாலை ஆறு மணிக்கு வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது, முகவர்கள் கத்தும்போது, அனுபவம் பேசும். ஆனால் நான் எடுத்த வகுப்புகளில் இயந்திரத்தை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் முப்பது வயதுக்குள் இருந்தவர்கள்தான்.

மாவட்டத்தில் இருப்பதிலேயே இளைய ஊழியர்களை வைத்து ஒரு சாவடி நடத்தும் வழக்கமும் சமீப ஆண்டுகளில் வந்திருக்கிறது. அங்கே தலைமை அலுவலரும் இளையவர்தான். அடுத்த தேர்தலில் உங்கள் மாவட்டத்தில் அதற்குப் பெயர் கொடுங்கள்.

சட்ட மாணவி, மதுரை: கீழ்மட்டம் சரி. தலைமைத் தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுப்பதில் இந்த இரு பிரிவினருக்கும் இடம் உண்டா?

சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2023 மார்ச் 2-ஆம் தேதி அனூப் பரன்வால் வழக்கில், சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி கொண்ட குழு தேர்ந்தெடுக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டு இறுதியிலேயே சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் பிரதமர் சொல்லும் ஒரு மத்திய அமைச்சர். அதற்கு முன்கட்டமாகச் சட்ட அமைச்சர் தலைமையில் ஒரு தேடுதல் குழு ஐந்து பெயர் தரும். எல்லோரும் தலைமை நீதிபதி வெளியே போனதைப் பற்றியே பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அதே சட்டம், மத்திய அரசுச் செயலர் நிலைக்குச் சமமான பதவியில் இருப்பவர் அல்லது இருந்தவர்தான் ஆணையராகலாம் என்கிறது. ஐ.ஏ.எஸ். ஆகிச் செயலராக முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். ஐம்பதைத் தாண்டாத ஒருவர் உள்ளே வர வாசலே இல்லை. 18 வயதில் ஓட்டு கொடுத்த நாடு இது.

கென்யாவைப் பாருங்கள். அவர்களுடைய 2010 அரசியலமைப்பின் 54-ஆம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்படும், நியமிக்கப்படும் அமைப்புகளில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் என்ற நிலையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்கிறது. 18 முதல் 35 வயது வரை இளைஞர் என்று வரையறுத்து, அவர்கள் பங்கேற்புக்கு 55-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. தேர்தல் ஆணையர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், நேர்காணலை மக்கள் பார்க்கலாம். நடைமுறையில் அங்கும் இழுபறிதான். ஆனால் நீதிமன்றத்துக்குப் போக அவர்கள் கையில் ஒரு வரி இருக்கிறது. நம்மிடம் அதுகூட இல்லை. நீங்கள் வழக்கறிஞரானதும் யோசியுங்கள்.

வாசகர், வவுனியா: எங்கள் நாட்டில்?

உங்கள் தேர்தல்கள் ஆணைக்குழு உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்கிறது. பரிந்துரைகள் சமூகத்தின் பன்மைத்துவத்தை, பால்நிலை உட்பட, பிரதிபலிக்க முயல வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. வயதும் உடற்குறையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. "பன்மைத்துவம்" என்பதற்குள் அவற்றைக் கொண்டுவர வாதாட இடம் இருக்கிறது.

மறுபடியும் தர்மபுரி ஆசிரியை: சரி ஐயா, நான் யாருக்கு, எப்போது எழுத வேண்டும்?

தேதி அறிவித்த பிறகு எழுதினால் பலன் இல்லை, அதற்குள் பட்டியல் ஏறியிருக்கும். ஊழியர் விவரம் கேட்டுச் சுற்றறிக்கை வந்த அன்றே தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். நகல் ஒன்று மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, ஒன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. "தேர்தல் பணிக்கு விருப்பம். கட்டாய விலக்கு வேண்டாம். தரைத்தளச் சாவடி, அருகிலேயே கழிப்பறை, ஏறி இறங்க வசதியான வாகனம் தேவை" – இவ்வளவு போதும். ஊனச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எந்தச் சாவடி என்பது கடைசிக் குலுக்கலில்தான் முடிவாகும், அதனால் ஊர் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஆர்டர் வந்தால் முதல் வகுப்பிலேயே உங்கள் மண்டல அலுவலரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தங்குமிடம் சரியில்லை என்றால் உடனே வரவேண்டியவர் அவர்தான்.