கிரோன் நோய்க்காக (குடலில் நீடித்த அழற்சி உண்டாக்கும் நோய்) கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யும்போது ஆராய்ச்சிக்காகக் குடலிலிருந்து கூடுதலாகத் திசு எடுத்தால் வலிக்குமா? அதை என்ன செய்வார்கள்?

கிள்ளி எடுப்பது வலிக்காது. குடலின் உட்சவ்வுக்கு வெட்டுவதையும் கிள்ளுவதையும் உணரும் திறன் இல்லை. குடல் காற்றால் விரியும்போதுதான் வயிறு இழுத்துப் பிடிக்கும். கொலோனோஸ்கோப்பிக் குழாயின் வழியே மெல்லிய கம்பி ஒன்று செல்லும். அதன் நுனியிலுள்ள இரண்டு குட்டிக் கிண்ணங்கள் பறவையின் அலகு போல மூடி, சவ்வைக் கவ்வி எடுக்கும். கிடைப்பது அரிசி நொய்யளவுதான், சில மில்லிமீட்டர். துளி இரத்தம் கசிந்து தானாகவே நின்றுவிடும். பெரிய இரத்தக்கசிவோ குடலில் துளையோ மிக அரிது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புண்ணான இடத்தோடு நன்றாக இருக்கும் இடத்திலும் ஏன் கிள்ளுகிறார்கள்? கிரோன் நோய் திட்டுத்திட்டாக வரும். நோயுற்ற சவ்வை உங்களுடைய நல்ல சவ்வோடு ஒப்பிட்டால், மரபணு ஒன்றாக இருப்பதால், அழற்சி செய்த மாற்றம் தெளிவாகத் தெரியும். என்னைக் கேட்டால், இதுதான் இந்த மாதிரிகளின் பெரிய மதிப்பு.

எடுத்த பிறகு நேரம் முக்கியம். மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும், அதனால் உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். நுண்ணோக்கிக்குப் போவது, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூழ்கும். உயிருள்ள செல்கள் தேவையென்றால் குளிர்ந்த ஊட்டத் திரவம். அவற்றிலிருந்து நுண்ணிய குடல் உருண்டைகளையே வளர்க்கிறார்கள்!

ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.