குதிரைக்குப் பக்கத்தில் நடக்க வருகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

அழகர்கோவில் ரோட்டை ஒட்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கும் பண்ணையில், மாற்றுத்திறன் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கிறார்கள், அங்கே ஆறு வருஷமாகச் சனி, ஞாயிறு காலைகளில் தன்னார்வலராகப் போய்வருகிறேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

எனக்குக் குதிரை என்றால் உயிர். சனி, ஞாயிறு சும்மாதான் இருக்கிறேன், ஆனால் சவாரி தெரியாது. சேர்த்துக்கொள்வார்களா? என்ன வேலை கொடுப்பார்கள்?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

சேர்த்துக்கொள்வார்கள் தம்பி. சவாரி தெரியாதது ஒரு குறையே கிடையாது, நானே இன்றுவரை குதிரை ஓட்டியதில்லை. நம் வேலை முழுக்கத் தரையில்தான். ஒரு குழந்தை குதிரையில் ஏறினால் கூடவே மூன்று பேர் நடக்கவேண்டும். ஒருவர் முன்னால் தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துவார். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம், குழந்தையின் தொடைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய்ச் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்தபடி வருவார்கள். பிள்ளை சாய்ந்தால் தாங்குவதற்கு அந்தக் கைதான். அரை மணி நேரம் அப்படியே நடக்கவேண்டும். கை கடுக்கும். கடுத்தால் குதிரையை நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பக்கம் மாறிக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் இருவரும் கையை எடுக்கக் கூடாது.

சரி, அதற்கு முன்னால் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் ஐந்தரைக்கே வரச் சொல்வார்கள். குதிரையைத் தேய்த்துவிட்டு, நாலு குளம்பையும் தூக்கிக் குதிங்காலில் இருந்து முன்னோக்கிச் சுரண்டி உள்ளே மாட்டிய கல்லை எடுக்கவேண்டும். வயிற்றுப் பட்டை விழும் இடத்தில் ஒரு சின்ன முள் ஒட்டியிருந்தால்கூடப் பட்டையை இறுக்கும்போது குதிரைக்கு வலிக்கும், வலித்தால் துள்ளும், அன்றைக்கு மேலே உட்காரப்போவது தன்னால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாத பிள்ளையாக இருக்கும். இதனால்தான் தேய்க்கிற வேலையை நாங்கள் யாரும் அவசரமாகச் செய்வதில்லை.

உங்கள் வயதுக்காரர்களுக்கு உடம்பு வேலையெல்லாம் சுலபமாக வந்துவிடுகிறது, வாயை மூடிக்கொண்டு நடப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நடுவில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் பிள்ளையிடம் பேசுவார். பாசத்தில் நாமும் இரண்டு பக்கத்தில் இருந்து ‘நேரா உட்காருடா கண்ணு, அங்க பாரு மயிலு’ என்று ஆரம்பித்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு யார் குரலைக் கேட்பது என்றே தெரியாமல் போகும்.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது, எல்லாச் சனிக்கிழமையும் வருவீர்களா என்பதுதான். இங்கே ஒரு பையன், புது ஆள் தன் காலைத் தொடவிடுவதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டான். அவனிடம் அந்த இடத்தைப் பிடித்த ஆள் மூன்று வாரம் வரவில்லை, அடுத்து வந்தவரை அவன் பக்கத்திலேயே விடவில்லை, முதலில் இருந்து தொடங்கவேண்டியதாயிற்று. செமஸ்டர் பரீட்சை வருமென்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், பிள்ளையிடமும் சொல்லிவைப்போம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் முடியும் என்றால் லாய வேலைக்கு வாருங்கள், பிள்ளை பக்கத்தில் நடக்கிற வேலைக்கு வேண்டாம்.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த இரண்டாவது மாதம், நடந்துகொண்டிருக்கும்போது பையில் போன் அடித்தது. ஒரு நொடிதான், கை தன்னால் பைக்குப் போய்விட்டது. அதே நேரத்தில் ஈ கடித்துக் குதிரை சட்டென்று நின்றது, பையன் என் பக்கமாகச் சரிந்தான். அந்தப் பக்கம் நடந்த அக்கா அவன் காலை அழுத்திப் பிடித்ததால் விழவில்லை. அடி எதுவும் படவில்லை, ஆனால் ஐந்து வாரம் அவன் குதிரையில் ஏற மறுத்துவிட்டான். அந்த ஐந்து வாரமும் அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து என் போன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள தகர டப்பாவில்தான் இருக்கும்.

என் மகனுக்கு ஏழு வயது. பெருமூளை வாதம். குதிரையில் ஏற்றினால் நடந்துவிடுவான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், மேலூர்

அம்மா, நடந்துவிடுவான் என்று யார் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் பலன் உண்டு, அது எப்படி என்று சொல்கிறேன். நாம் நடக்கும்போது இடுப்பு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் ஏறி இறங்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். குதிரை மெதுவாக நடந்தால் அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான் அசைகிறது. சொந்தக் காலில் நடந்தே பார்க்காத பிள்ளையின் உடம்புக்கு, நடை என்றால் எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியவருகிறது. ஒவ்வொரு அடிக்கும் விழாமல் இருக்க வயிறும் முதுகும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். குதிரையின் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டி, நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும் கால்களை இரண்டு பக்கமும் போட்டு அந்தச் சூட்டின் மேல் உட்காரும்போது தொடை இறுக்கம் மெல்ல இளகும். அதற்காகவே சில பிள்ளைகளுக்குச் சேணம் போடாமல், தடித்த விரிப்பும் கைப்பிடி வைத்த பட்டையும் மட்டும் கட்டுவோம். உட்காரும் பலமும் உடம்பின் சமநிலையும் கூடுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. வழக்கமான பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடக் கூடாது, அதோடு சேர்த்துச் செய்வதுதான் இது.

டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டல் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1944-இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் பிடிக்கவேண்டும். அந்த நிலையிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார், 1956-லும் வாங்கினார். ஐரோப்பாவில் இந்தப் பயிற்சியின் மேல் மருத்துவர்களுக்கு நம்பிக்கை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவருக்கும் கால் பழையபடி ஆகவில்லை, குதிரை மேல்தான் அவர் முழுசாக இருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களிடம் வரும் ஒரு சிறுமி ஒன்றரை வருஷத்துக்குப் பிறகும் நடக்கவில்லை, ஆனால் சுவரில் சாயாமல் உட்கார்ந்து தன் கையால் இட்லி சாப்பிடுகிறாள். அவள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

வருவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் இடுப்பு எக்ஸ்ரே காட்டிவிடுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்க வாய்ப்பு உண்டு, விலகியிருந்தால் ஏற்றுவது ஆபத்து. வலிப்பு கட்டுக்குள் இல்லை என்றாலும் ஏற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளையின் பெற்றோர் ஒருவரும் இதையே கேட்டிருந்தார், அந்தப் பிள்ளைகளின் கழுத்து எலும்பைப் பரிசோதிக்காமல் கூட்டிவரவே கூடாது. மருத்துவரின் கடிதம் கேட்காமல் பிள்ளையை ஏற்றிவிடும் இடம் எதுவானாலும் அங்கே விடாதீர்கள்.

மூன்று வாரம் ஒரு பண்ணைக்குப் போனேன். சாணி அள்ளவும் தண்ணீர் தூக்கவும்தான் விட்டார்கள், பிள்ளைகள் பக்கமே விடவில்லை. சம்பளமில்லாத ஆளாக நம்மைப் பயன்படுத்துகிறார்களா?
– தனியார் நிறுவன ஊழியர், ஒத்தக்கடை

உங்கள் வருத்தம் நியாயம்தான். ஏன் அந்த வேலை என்று ஒருவராவது உங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கவேண்டும், சொல்லாதது அவர்கள் தவறு.

ஆனால் மூன்று வாரம் என்பது குறைவு. எங்களிடமும் முதல் ஒரு மாதம் லாயத்தில்தான். சாணி அள்ளுகிறவருக்குத்தான் இன்றைக்குக் குதிரைக்கு வயிறு சரியில்லை என்பது முதலில் தெரியும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது தெரியுமா, உள்ளே போனது அதுபாட்டுக்குக் குடல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும், வயிற்றுவலி வந்தால் உயிரே போகலாம். செவலை என்று எங்களிடம் ஒரு பெண்குதிரை. அதன் தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, சாணியும் வழக்கத்தைவிடக் குறைவு என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சொன்னதால்தான் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம், பிழைத்தது. இரண்டு மாதம் கழிந்தும் இதே நிலை என்றால் நேராகப் போய்க் கேளுங்கள். பயிற்சி கொடுக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை என்று தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதை வருஷம் தவறாமல் நின்று பார்க்கிறவள் நான். ஆனால் நிஜக் குதிரை பக்கத்தில் வந்தால் கால் நடுங்குகிறது. உதைக்குமா?
– இல்லத்தரசி, செல்லூர்

உதைக்கும், பயந்தால். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் அதற்குச் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். தெரியாத இடம் இரண்டு, நேர் பின்னால் கொஞ்சம், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சம். அந்த இரண்டு பக்கமும் போகாமல், தோள்பட்டைப் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். முதலில் கழுத்தைத் தடவுங்கள், முகத்துக்கு நேராகக் கையை நீட்டவேண்டாம். காது இரண்டையும் பின்னால் ஒட்ட மடக்கினால் விலகி நில்லுங்கள், ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் கேட்கிறது என்று அர்த்தம். பயப்படுகிறவர்கள் கவனமாக இருப்பார்கள், அதனால் பயம் இருக்கிறதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள். ‘குதிரையெல்லாம் எனக்குப் பழக்கம்’ என்று வருகிறவரைத்தான் நான் ஒரு மாதம் கூடுதலாகக் கவனிப்பேன்.

மகளின் பிறந்தநாளைப் பண்ணையில் கொண்டாடி, குதிரைகளுக்குப் பொங்கலும் பழமும் கொடுத்து, குழந்தைகளோடு போட்டோ எடுக்க ஆசை. அனுமதிப்பார்களா?
– வியாபாரி, வடக்கு மாசி வீதி

பொங்கல் வேண்டாம் ஐயா, தயவுசெய்து. மேலே சொன்ன வயிற்றுவலிதான் காரணம். பச்சைப்புல், வைக்கோல், அளந்து போட்ட கொள்ளு, இதுதான் அதன் சாப்பாடு. போட்டோவும் வேண்டாம், அந்தப் பிள்ளைகளின் படத்தைக் கேட்காமல் எடுக்க நமக்கு உரிமை இல்லை. ஒரு வண்டி பசும்புல்லோ, குழந்தைகள் அளவில் நாலு ஹெல்மெட்டோ வாங்கிக் கொடுங்கள். லாடம் அடிக்கிறவருக்கு ஒரு தடவைக் கூலி கொடுத்தாலும் பெரிய உதவி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு வருகிறது.

நல்ல காரியம்தான், ஆனால் வாயில்லா ஜீவனை இப்படிச் சுற்ற வைப்பது பாவமில்லையா?
– ஆசிரியை, உசிலம்பட்டி

இந்தக் கேள்வியைப் பண்ணைக்குப் போகும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டும். நானும் முதல் வருஷம் முழுக்க இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நடந்தேன். சேணத்தையும் சேர்த்து, குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரை என்றால் எல்லாம் சேர்த்து 70 கிலோ. குழந்தைகளுக்கு அது தாராளம். பெரியவர் வந்தால் எடை பார்த்துத்தான் ஏற்றுவோம், சிலரை ஏற்ற முடியாமல் வருத்தத்தோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறோம்.

எடையைவிட நான் பயப்படுவது சலிப்புக்கு. ஒரே வட்டத்தில் சுற்றி, மேலே இருக்கும் பிள்ளை திடீரென்று கத்துவதையும் பிடரியை இழுப்பதையும் பொறுத்துக்கொள்வது அந்த ஜீவனுக்குச் சின்ன வேலை இல்லை. பொறுமையான குதிரை என்று அதையே மறுபடி மறுபடி ஏற்றினால், வாலை விசிறும், சேணத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செவலை ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் சுமக்காது, வாரத்தில் இரண்டு நாள் கயிறே போடாமல் தோப்பில் அவிழ்த்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும், நம் ஊர் வெயில் தெரியும்தானே. நீங்கள் போகும் இடத்தில் பத்து மணி வெயிலிலும் குதிரை சுற்றிக்கொண்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். பெற்றோர் கேட்டால்தான் மாறுகிறது, நாங்கள் உள்ளே இருந்து சொல்வதைவிட.

வயது 64, முழங்கால் வலி. எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், விளாங்குடி

இருக்கிறது ஐயா. பிள்ளை குதிரையில் இருக்கும் அரை மணி நேரம் அதன் அண்ணனோ தங்கையோ வேலி ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருக்கும். வீட்டிலும் அந்தப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேச, கதை சொல்ல ஒரு தாத்தா எங்களுக்கு இல்லை. பக்கத்திலேயே வார்களுக்கு எண்ணெய் போடும் வேலையும் உண்டு, உட்கார்ந்தே செய்யலாம்.

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், குதிரைச் சாணத்தில் அந்தக் கிருமி இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். காபி நாங்கள் போடுகிறோம்.