பிரஷருக்குப் பென்ஷன் கேட்கலாமா?

கேள்வி: என் கணவர் 1992இல் பட்டாளத்தில் சேர்ந்து, 24 வருட சர்வீஸ் முடித்து, 2016இல் ஹவில்தாராக வெளியே வந்தார். சேரும்போது எந்த நோயும் கிடையாது. காஷ்மீரில் இரண்டு முறையும் சியாச்சின் பக்கம் ஒரு முறையும் இருந்தார். 2011இல் செகந்திராபாத்தில் இருந்தபோது பிரஷர் என்று கண்டுபிடித்து, லோ மெடிக்கல் கேட்டகிரியில் (உடல்தகுதி குறைந்தவர் பட்டியலில்) வைத்தார்கள். வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு சோதனையில் 30 சதவீத பாதிப்பு, ஆயுள் முழுக்க என்று போட்டுவிட்டு, 'பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதும் அல்ல' என்று எழுதிவிட்டார்கள். அவருடன் இருந்த ஒருவர் இதே பிரஷருக்கு வழக்குப் போட்டு டிஸபிலிட்டி பென்ஷன் (உடல் பாதிப்புக்கான பென்ஷன்) வாங்குகிறார். இவரிடம் சொன்னால், 'நான் கை காலோடு வந்தவன். குண்டடி பட்டவனோடு என்னை வரிசையில் நிற்கச் சொல்கிறாயா?' என்று கோபப்படுகிறார். இத்தனை வருடம் கழித்துக் கேட்க முடியுமா? கேட்பது சரியா?

— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கேட்கலாம் சகோதரி. கேட்பது சரியும்கூட.

முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். குண்டடி பட்ட தோழர்களை நினைத்து அவர் கூச்சப்படுவது அவருடைய நல்ல மனசு. ஆனால் அவர் கேட்பதால் அவர்கள் பங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. போரில் காயம்பட்டவர்களுக்கு 'வார் இஞ்சுரி' என்று தனித் தலைப்பும், அதற்கு உயர்ந்த விகிதமும் இருக்கின்றன. இவர் கேட்பது வேறு வரிசை. பணிக்காலத்தில் உடம்பு கெட்டவருக்கு என்று விதியில் எழுதி வைத்திருக்கும் தொகை அது. சேர்ந்த அன்று பட்டாள டாக்டர்களே சோதித்து, தகுதியானவர் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அவரை எடுத்தார்கள். வெளியே அனுப்பும்போது 30 சதவீதம் பாதிப்பு என்று எழுதியதும் அதே டாக்டர்கள்தான். இடையில் இருந்த 24 வருடமும் அவர் அரசாங்கத்தின் கட்டளைக்குக் கீழேதான் இருந்தார்.

உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதும் இதைத்தான். அவர் 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று சொல்லி, 20 சதவீத பாதிப்போடு 1994இல் அவரை வெளியே அனுப்பினார்கள். பென்ஷன் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் அவர் நல்ல உடலோடு வந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், பிறகு உடல் கெட்டால் அது பணியால் என்றுதான் ஊகிக்க வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'பணியோடு தொடர்பில்லை' என்று மெடிக்கல் போர்டு ஒரு வரி எழுதினால் போதாது, ஏன் தொடர்பில்லை என்று காரணமும் எழுத வேண்டும் என்றது. பிரஷர், சர்க்கரை என்று இன்று கிடைக்கும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கின்றன.

அடுத்தது செகந்திராபாத். போர்டு பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்: 'பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத ஊரில்) இருக்கும்போது வந்த நோய், ஆகவே பணியால் அல்ல.' இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பிரஷர் என்ன, ஒரே நாளில் வருகிற காய்ச்சலா? வலி, அறிகுறி எதுவுமே இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே இருக்கக்கூடியது. கருவியைக் கையில் கட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் தெரியும். செகந்திராபாத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது, அவ்வளவே. தொடங்கியது எங்கே என்று அந்த ஊர்ப் பெயர் சொல்லாது. சியாச்சின் போன்ற உயரத்தில் பிராணவாயு குறையும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது உடலின் இயல்பு. அதோடு குளிர், தூக்கமில்லாத காவல், குடும்பத்தை நினைத்த கவலை எல்லாம் சேர்கின்றன. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான 2008ஆம் வருட வழிகாட்டி நூலே, அதன் 43ஆவது பத்தியில், ஃபீல்டு ஏரியா (எல்லை, போர்ப் பகுதி), மிக உயரமான பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி, நீண்ட கப்பல் பணி ஆகியவற்றின்போது வரும் பிரஷரைப் பணியால் கூடியதாக ஏற்கலாம் என்கிறது. நீண்ட ஃபீல்டு பணிகளுக்குப் பிறகு வெளிப்படும் பிரஷரையும் அந்தப் பத்தி பேசுகிறது. பீஸ் ஸ்டேஷன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் சொல்லியிருக்கிறது. டிஸபிலிட்டி பென்ஷன் கொடுத்த உத்தரவுகளை எதிர்த்து அரசு போட்ட சுமார் 300 மனுக்களை அதே நீதிமன்றம் அந்த ஜூலையில் தள்ளுபடி செய்தது.

அதற்காக நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். உடல் பருமன், பரம்பரை என்று போர்டு காரணத்தைத் தெளிவாக எழுதியிருந்தால் வழக்குக் கொஞ்சம் கடினம். அதனால்தான் முதலில் அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பணம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. நூறு சதவீத பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. இவருக்கு 30 சதவீத பாதிப்பு. 50க்குக் குறைவாக இருப்பதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. போர்டு அவுட் ஆனவர்களுக்கு (நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு) மட்டுமல்ல, சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 30 சதவீதம் 12,000, அதில் பாதி 6,000. மாதாமாதம், சர்வீஸ் பென்ஷனுக்கு மேலே, அகவிலைப்படியோடு.

காலதாமதம் வழக்கைக் கொல்லாது, பாக்கியைத்தான் கொல்லும். தர்சேம் சிங் என்பவரை 1983இல் வெளியே அனுப்பினார்கள். அவர் நீதிமன்றம் போனது 1999இல். பென்ஷன் மாதந்தோறும் மறுக்கப்படுகிற உரிமை என்பதால் 16 வருடத் தாமதத்திலும் அவர் வழக்கு நின்றது. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் பாக்கித் தொகையை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களோடு நிறுத்திவிட்டது. உங்கள் கணவருக்கும் இதே கதைதான். 2016 முதல் கணக்கிட்டால் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. இனித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாதப் பணத்தை விடுவதுதான்.

சரி, எங்கே தொடங்குவது? அவருடைய டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), நிராகரித்து வந்த கடிதம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல் கையில் இல்லையென்றால் அவருடைய ரெக்கார்ட் ஆபீஸுக்கு (படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். அறிக்கையின் முன்பகுதியில் அவர் எந்தெந்த ஊரில் எவ்வளவு காலம் இருந்தார், அது பீஸா ஃபீல்டா என்று இருக்கும். காஷ்மீரும் சியாச்சினும் அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவரையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டிருந்தால் அதையும் எழுதிக் கேட்க வேண்டும்.

அப்புறம், பென்ஷன் மறுத்ததை எதிர்த்து ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீடு. ஆறு மாதக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, பரவாயில்லை. தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுத்துப் பதில் வந்தாலோ, ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞர் இல்லாமல் அவரே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் ராணுவ வழக்குகளை நடத்திப் பழகிய வழக்கறிஞர் இருந்தால் நல்லது. வரும் பாக்கியில் பாதி எனக்கு என்று பேரம் பேசுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அசல் காகிதங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு செய்தி. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு பணியை விட்டவர்களுக்கு அந்த விதிகள்தான் பொருந்தும். அவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே தங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவர் 2016இல் வந்தவர், அவருக்குப் பழைய விதிதான்.

இன்னொன்று சகோதரி. வழக்கு நடக்கும்போது பிரஷர் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். தீர்ப்பாயம் பார்ப்பது 2016இல் போர்டு எழுதிய 30 சதவீதத்தை. இன்றைய அளவை அல்ல. இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் மாத்திரை கிடைக்கும், தவறாமல் போடட்டும். நீங்கள் நாளைக்கே வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், போர்டு நகல் கேட்கும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேளுங்கள். படைவீரர் குடும்பங்களுக்காகச் சட்டப் பணிகள் ஆணையம் 2025இல் தொடங்கிய இலவச சட்ட உதவி மையம் அங்கே செயல்படுகிறதா என்றும் விசாரியுங்கள். கடிதத்தில் கையெழுத்து மட்டும் உங்கள் கணவருடையதாக இருக்க வேண்டும்.